காலால் பிறந்தவளின் கால்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருகிற ஒரு பெண்ணை நீங்கள் போன வருஷம் பார்த்திருந்தால், அது இளவரசியாகத்தான் இருக்கும். ஏறினதும் கண்டக்டர், "உக்காரும்மா, சீட்டுதான் கெடக்குதே" என்பார். "பரவால்லண்ணே" என்பாள். புதுச்சத்திரத்தில் யாராவது ஒரு அம்மாள் நகர்ந்து இடம் விடுவாள். அவளுக்கும் அதே பரவாயில்லைதான். ஆலப்பாக்கம் வருவதற்குள் வண்டியில் இருக்கிற எல்லாருக்கும் இவள்மேல் ஒரு கண் விழுந்துவிடும். வேண்டுதலா, திமிரா என்று ஆளுக்கொன்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டும் இல்லை. உட்கார்ந்தால் வலி. வலது இடுப்புக்குக் கீழே ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு கட்டைவிரல் வரைக்கும் சுரீரென்று ஓடும். படுத்தால் புரள வேண்டும், புரண்டால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். ஓரிடத்தில் இருப்பு கொள்ளாமல் அலைந்தாள் மனுஷி. டீ குடிப்பதைக்கூட நடந்துகொண்டே குடித்தாள்.

வேலை திருப்பாதிரிப்புலியூரில், ஒரு மூன்று மாடி ஜவுளிக்கடையில். பட்டுப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வேலைக்கு அதுதான் பெயர். கல்யாணமான புதிதிலிருந்து நின்றவள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். காலமெல்லாம் உட்கார ஏங்கியவளுக்கு, ஸ்டூல் வந்து சேர்ந்த நேரத்தில் உட்கார முடியாத இடுப்பும் வந்து சேர்ந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஸ்டூலின்மேல் கோபப்பட்டாள். ஓரமாகத் தள்ளிவிட்டுவிட்டு நின்றாள்.

இவளுடைய காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இளவரசி பிறந்தது கம்மாபுரம் பக்கத்தில், நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில். பிறக்கும்போது தலை வரவில்லை, கால்தான் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு உத்தியோகம் தானாக வந்து சேரும். முதுகு பிடித்துக்கொண்டவர்களும் இடுப்பில் சுளுக்கு விழுந்தவர்களும் தேடிக்கொண்டு வருவார்கள். வாசற்படியில் குப்புறப் படுப்பார்கள். காலால் பிறந்தவர் வலது காலால் இடுப்பில் மூன்று மிதி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். பல பேருக்குச் சரியாகியும் போகும். சுளுக்கு பாதி நாள் தானாகவே போகிற சமாச்சாரம். ஆனால் பெயர் காலுக்குத்தான் போகும்.

இளவரசிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது? பெரிய படிப்பு இல்லை, பதவி இல்லை. "அந்தப் பொடவய மடிக்கறதுக்கு எவ்ளோ நேரம்?" என்று நாள் முழுக்க அதட்டுகிற சூப்பர்வைசரே ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் காலடியில் குப்புறப் படுத்தார். இந்தச் சந்தோஷத்தை யார் விடுவார்கள்?

கடையில் அவள் புகழைப் பரப்பியவர் செக்யூரிட்டி தேவநாதன். தேவனாம்பட்டினத்து மீனவர். கடலுக்குப் போய்ப் போய் இடுப்பு ஓய்ந்து, வலையை விட்டுவிட்டு நீலச் சட்டை போட்டுக்கொண்டு கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுகிறவர். ஒருமுறை வலி தாங்காமல் அழுதே விட்டார். பின்பக்கம் சரக்கு இறக்குகிற படியில் அவரைப் படுக்கப்போட்டு இளவரசி மிதித்தாள். சில நாளில் வலி அடியோடு போய்விட்டது. "மாத்தரைக்கி மசியாத வலிய மூணே மிதில எடுத்துச்சி இந்தப் பொண்ணு" என்று கதவைத் திறக்கிற கையோடு வாடிக்கையாளர்களிடமும் சொல்வார். அதைக் கேட்டு அவள் வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்று சிரித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கே வலி வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் மேல் தட்டிலிருந்து பட்டுக்கட்டு ஒன்றை இழுத்தபோது இடுப்பில் ஏதோ சொடுக்கியது. சிதம்பரத்து டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "டிஸ்க் வெலகியிருக்கும்மா" என்றார். பிறகும் நிறையச் சொன்னார். முக்கால்வாசிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும், மாத்திரை போடு, பிசியோதெரபிக்குப் போ, கனம் தூக்காதே, கால் சக்தி குறைந்தாலோ ஒன்றுக்குப் போவதில் கோளாறு வந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதே. இளவரசியின் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். விலகியிருக்கிறது. விலகியதைத் தள்ளி வைத்துவிடலாம், இதற்கு எதற்கு மாத்திரை? அவள் ஊருக்கெல்லாம் செய்துவந்தது அதைத்தானே!

பிசியோதெரபிக்குப் போனாள். பொறுமை இல்லை, சீக்கிரமே நின்றுவிட்டாள். தன் இடுப்பைத் தானே மிதித்துக்கொள்ள முடியாததுதான் அவளுக்குப் பெரிய குறை.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் புருஷன் நடனசபாபதி. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். "பெண்ணாடத்துல கொளஞ்சின்னு ஒருத்தன் இருக்கான். ஒன்ன மாரியே காலால பொறந்தவன். கரும்பு லாரில லோடு ஏத்தறவன், மிதிச்சான்னா வலி நிக்கும்" என்றார்.

"வலிக்குமா மாமா?"

"ஊரையே மிதிச்சவ நீ. ஒனக்கென்ன பயம்?"

கொளஞ்சி மிதித்தான். முதல் மிதியில் இளவரசிக்குக் கண் இருட்டியது. மூன்றாவது மிதியில் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. எழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த வாரம் முழுக்க வலி இன்னும் ஜாஸ்தியாக இருந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் எழுந்தால், வலி இல்லை. துளிகூட இல்லை.

அன்றைக்குப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள். கண்டக்டர் அவளைப் பார்த்து, "இன்னிக்கி மழதான்" என்றார். காரைக்காட்டு ரசாயன ஆலைகளின் நாற்றம்கூட அன்று அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கடலூர் வரைக்கும் உட்கார்ந்தே போனவள், இறங்கும்போது படியில் தடுக்கினாள். செருப்பு பாதிப்படியில் நின்றுவிட்டது, கால் மட்டும் தரைக்கு வந்திருந்தது. பின்னால் இறங்கியவர் எடுத்துக் கொடுத்தார்.

அன்று ஆரம்பித்தது. வலது செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியாமல் போகும். மாடிப்படி ஏறினால் முன்பாதம் இடிக்கும். நடந்தால் சப், சப் என்று தரையில் அறைகிற சத்தம் வரும். வலிதான் இல்லையே, பழகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, ஆள் இல்லாத நேரத்தில் கீழே குனிந்து கட்டைவிரலைப் பார்த்து, தூக்கு, தூக்கு என்று மனசுக்குள் அதட்டுவாள். விரல் கேட்காது.

முதலில் கவனித்தவர் தேவநாதன். "என்னாம்மா, நீயும் நம்ம கச்சில சேந்துட்டியா?" என்று சிரித்தார். அவரும் ஒரு வருஷமாகவே காலை இழுத்துத்தான் நடந்தார். "எனக்கும் இப்புடித்தான். சுகருன்றாங்க. வயசாச்சில்ல, வலி இல்லாம இருக்குதே அது போதும்."

இளவரசியும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் பேருந்தில் அவளால் உட்கார முடியவில்லை. வலியே இல்லாமல் நின்றுகொண்டு போனாள். ஏனென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் மகள் வினோதினி, கல்லூரியில் படிக்கிறவள், அடுப்படியில் நடக்கிற அம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே, "உன் நட சத்தமே மாறிப்போச்சும்மா" என்றாள். பிறகு எழுந்து வந்து பார்த்தாள், போனில் எதையோ தேடிப் படித்தாள். குதிகாலில் நின்று காட்டச் சொன்னாள். இடது பாதம் நின்றது, வலது பாதம் தொப்பென்று விழுந்தது. பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா அவளை அதட்டினாள். பயந்தால் அதட்டுவதுதான் அவள் வழக்கம்.

கடலூரில் முதுகுத்தண்டு டாக்டர் கார்த்திகேசன் பேச்சில் கறார். நடக்கச் சொன்னார், கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார், தன் விரலால் அதை அழுத்திப் பார்த்தார். புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பழைய படத்தில் இருந்ததைவிடப் பெரிய துண்டு நரம்பின்மேல் உட்கார்ந்திருந்தது.

"நடுவுல என்ன பண்ணீங்க?"

நடனசபாபதி விட்டத்தைப் பார்த்தார். இளவரசிதான் சொன்னாள். "மிதிச்சு வுட்டாங்க சார். வெலகிடுச்சுன்னு சொன்னாங்க, அதான் தள்ளி வைக்கலாம்னு."

"வெலகறதுக்கு அது என்ன கதவாம்மா? எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கற மெத்த அது. மேல தோலு கெட்டி, உள்ள மெதுவா இருக்கும். தோலு கிழிஞ்சி உள்ள இருந்தது பிதுங்கி வெளிய வந்திருக்கு. கொழுக்கட்டய மிதிச்சா பூரணம் உள்ளயா போவும்?"

வினோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளவரசிக்கு வரவில்லை.

"ஆனா மிதிச்சப்பறம்தான சார் வலி நின்னுச்சு?"

டாக்டர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார். "மிதிச்சதாலதான் இப்புடி ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், தானாவும் ஆவும். ஆனா ஒண்ணு நல்லா கேட்டுக்குங்க. கால்ல சக்தியும் இருந்து வலியும் போனா சந்தோஷப்படலாம். சக்தி போயி, வலியும் போச்சுன்னா அது சரியானது இல்ல. கத்திக்கிட்டு இருந்த நரம்பு கத்த முடியாம ஓஞ்சி போவுதுன்னு அர்த்தம்."

அந்த நேரத்தில் இளவரசிக்குத் தன் கால் ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டவரின் கால் இழுத்துக்கொண்டு போவதுதான் வந்தது.

"அப்புடியே விட்டா, சார்?"

"விட்டா இப்புடியே நின்னுடலாம். இன்னும் மோசமாவும் ஆவலாம். நாள் ஆவ ஆவத் திரும்பறது கஷ்டம்."

"ஒரு வருஷம் ஆயிருந்தா?"

"உங்களுக்கு அவ்ளோ ஆவலயே?"

"சும்மாதான் கேட்டேன்."

"ஒரு வருஷம்னா... பாக்காம சொல்லக் கூடாது. ரொம்ப எதிர்பார்க்க முடியாது" என்றார் டாக்டர்.

ஊசி போட்டால் போதாதா என்று நடனசபாபதி கேட்டார். ஊசி வலிக்கு, காலைத் தூக்க ஊசி உதவாது என்றார் டாக்டர். முன்பெல்லாம் முதுகை நீளமாகக் கீறி, சதையை எலும்பிலிருந்து விலக்கித்தான் உள்ளே போவார்கள். இப்போது மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு ஒரு சின்னக் கீறல் வழியாகவும் எடுக்கலாம், பேனா நுழைகிற துவாரத்தில் குழாயும் கேமராவும் விட்டும் எடுக்கலாம். சதை அதிகம் சேதமாகாது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், போகப்போகக் கிடைக்கிற பலன் என்று பார்த்தால் பழையதும் புதியதும் ஏறக்குறைய ஒன்றுதான். எலும்பே வழுக்கியிருந்தால் துவாரம் எல்லாருக்கும் ஒத்துவராது. இவளுக்கு எலும்பு உறுதியாக இருக்கிறது, துண்டும் எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது, அதனால் ஒத்துவரும் என்றார்.

"ஓட்டைதான் சின்னது, ஆபரேஷன் சின்னது இல்ல" என்றும் சொன்னார். "சீழ் பிடிக்கலாம், நரம்பு மேல இருக்கற ஒற கிழியலாம், அதே எடத்துல திரும்பவும் பிதுங்கலாம். ஜாஸ்திப் பேருக்கு ஆவாது, ஆவவே ஆவாதுன்னு சொன்னா பொய். அழுத்தத்த எடுக்கறதுதான் என் வேல. கால் திரும்பறது நரம்போட வேல. வேற டாக்டர வேணும்னாலும் கேட்டுட்டு வாங்க, ஆனா வாரக்கணக்குல யோசிக்காதீங்க."

யோசிக்க விட்டால்தானே? வீட்டுக்கு வருவதற்குள் பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதுகெலும்பில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் எங்கே இருக்கிறார் என்று வினோதினி கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. நடனசபாபதியின் அக்கா தில்லையம்மாள் போனிலேயே அழுதாள். "நீ எத்தினி பேர மிதிச்சு எழுப்பி வுட்டவ, ஒனக்கு எதுக்குக் கத்தி? இன்னொரு தபா அந்தக் கொளஞ்சிகிட்டயே போய்ட்டு வாயேன்" என்றாள்.

இளவரசி போனை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். சப், சப். நடனசபாபதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் ஒரு எடத்துல இரேன்டி" என்றார்.

"பயமா இருக்குது மாமா."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் அவர் கேட்காத வார்த்தை அது. அவர் எழுந்து அவளோடு கூடவே நடந்தார், வாசலுக்கும் கொல்லைக்கும்.

"படுத்த படுக்கையா ஆயிட்டன்னா?" என்றாள் அவள்.

"பண்ணலன்னா மட்டும் கால் திரும்பிடுமா?" என்றார் அவர். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நாந்தான் கூப்ட்டுக்கினு போனேன். அது என்னய அறுத்துக்கினே கெடக்குது" என்றார்.

அவள் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. சமாதானப்படுத்தினால் தன்னையும் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும், அது முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் இன்னொரு டாக்டரிடம் படத்தைக் காட்டினார்கள். அவரும் கால் சக்தி குறைகிறபோது காத்திருக்க வேண்டாம் என்றே சொன்னார். அந்த வாரமே இளவரசி படுத்தாள். ஆபரேஷன் மேசையில் குப்புறத்தான் படுக்க வைப்பார்கள் என்று நர்ஸ் சொன்னபோது, "அது பழக்கந்தான்" என்றாளாம். நர்சுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மறுநாள் காலையிலேயே பிடித்து நடக்க வைத்தார்கள். முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்திரிதான். வெளியே எடுத்த துண்டை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். உரித்த இறாலின் சதை மாதிரி வெள்ளையாக ஏதோ கொஞ்சம். இதற்கா இந்தப் பாடு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கால் அன்றே திரும்பிவிடவில்லை. குனியாதே, கனம் தூக்காதே, ரொம்ப நேரம் உட்காராதே என்று ஏகப்பட்ட கட்டுத்திட்டம். கால் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிட்டார்கள். பிசியோதெரபிக்கு இந்தத் தடவை ஒழுங்காகப் போனாள். விரலைப் பார்த்துத் தூக்கு, தூக்கு என்பாள். ஒருநாள் கொல்லையில் துணி காயப்போடும்போது அது தூக்கியது. கொஞ்சம்தான். ஓ என்று அவள் அழுத சத்தத்தில் வினோதினி பயந்துபோய் ஓடிவந்தாள். அதற்கப்புறம் வாரத்துக்கு வாரம் பாதம் மேலே வந்தது. முழுசாக வந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஆனால் செருப்பு காலிலேயே நிற்கிறது.

உடம்பு தேறியும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. விரல் மேலே வரும்போதெல்லாம் இன்னொரு கால் ஞாபகத்துக்கு வந்தது. வேலையில் திரும்பச் சேர வேண்டிய நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லியும், மானேஜர் போன் பண்ணியும், இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்றாள். சோம்பேறித்தனம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

ஒருவழியாகப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. தேவநாதன் தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டு கண்ணாடிக் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். "வாம்மா, வாம்மா! நல்லா நடக்கறியே! ஒனக்காகத்தான் காத்துக்கினு கெடக்கறோம்" என்றார். கதவுக்கு உள்ளே ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவருடைய மனைவி மாரியம்மாள். மீன்கூடை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய்விட்டது என்றார். வலி வலது காலில் இறங்குகிறது என்றார். "எனக்குப் பண்ணியே, அதே மாரி மூணு மிதி. படிகிட்ட சாக்குகூடப் போட்டு வெச்சிருக்கேன்."

மாரியம்மாள் இளவரசியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாண்ணே" என்றாள் இளவரசி. "அக்காவ டாக்டர்கிட்ட அழச்சிக்கினு போலாம். நான் கூட வர்றேன்."

"டாக்டரா? நீ இருக்கும்போது எதுக்கும்மா டாக்டரு? ஆபரேசன் பண்ணதால மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்களா? மெதுவா மிதி, போதும்."

"அதில்லண்ணே." வீட்டில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள், ஒன்றும் வாயில் வரவில்லை. "ஒங்க கால் சுகரால இழுக்கல. எனக்கும் அப்புடித்தான் ஆச்சு. மிதிச்ச கொஞ்ச நாள்ல வலி போயிடும், கால் வுழுந்துடும். நரம்பு செத்துக்கினு வருதுன்னு அர்த்தமாம். ஒங்க வலி போனது... நான் சரி பண்ணதால இல்லண்ணே."

தேவநாதன் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். அது நேராக நின்றது.

"ஆபரேசன் பண்ணா எனக்கும் கால் வந்துடுமா?"

"எனக்குச் சீக்கிரமா பண்ணாங்க. ஒங்களுக்கு... நாள் ஆயிப்போச்சுண்ணே. வராதுன்னு இல்ல, பாத்துதான் சொல்லுவாங்க. ரொம்ப நம்பிக்க வெக்க முடியாதுன்றாங்க."

மாரியம்மாளின் கை கும்பிட்டபடியே நின்றிருந்தது, இறக்க மறந்துவிட்டாள்.

"நான் தெனமும் ஒன் கண்ணு முன்னால இழுத்துக்கினுதான நடந்தேன்?" என்றார் தேவநாதன். குரலில் கோபம்கூட இல்லை. "ஒன் காலு போன பிற்பாடுதான் என் காலு தெரிஞ்சுதாம்மா ஒனக்கு?"

"ஆமாண்ணே" என்றாள் இளவரசி.

வெளியே கல்யாணப் பட்டெடுக்க ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கியது. தேவநாதன் மனைவியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.